உதயகிரிக் கோட்டையின் வலிய கப்பித்தான்
எவுஸ்தாக்கியுஸ் டிலனாய் வாழ்க்கை வரலாறு



யூபிலி ஆண்டு என்பது நன்றி கூறும் ஆண்டு. ஆலயத்தை எழுப்பியவர்களையும், அதில் நம்மை வளர்த்தவர்களையும், நமக்கு முன் விசுவாசத்தின் விளக்கை ஏந்திச் சென்றவர்களையும் நினைத்துப் பார்க்கும் ஆண்டு. அவ்வாறு நினைக்கும்போது குருக்களும் கன்னியரும் உபதேசியார்களும் முதலில் நம் மனக்கண் முன் வருவது இயல்பே. ஆனால் குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், மனைவி மக்களோடு வாழ்ந்து, கையால் உழைத்து, போர்க்களத்தில் நின்று, நமது மாவட்டத்தின் வரலாற்றிலே அழியாத முத்திரை பதித்த ஒரு பொதுநிலையினரின் வாழ்வை இங்கே எழுத விரும்புகிறோம்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் பேருந்தில் செல்பவர்கள் புலியூர்க்குறிச்சியில் சாலையோரம் நீண்டு கிடக்கும் கருங்கல் மதிலைப் பார்க்காமல் செல்ல முடியாது. அதுவே உதயகிரிக் கோட்டை. டிலனாய் கோட்டை என்றும் அதனை அழைப்பார்கள். அந்தக் கோட்டைக்குள், கூரையிழந்த ஒரு சிற்றாலயத்தின் சுவர்களுக்கு நடுவே, அதனைக் கட்டியவர் உறங்குகிறார். அவருக்கு அருகிலேயே அவருடைய மனைவியும் மகனும் உறங்குகிறார்கள். அந்தக் குடும்பத் தலைவரின் கதையே இது.

கடல் கடந்து வந்தவர்

எவுஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டிலனாய் 1715-ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் பிறந்தவர். இன்று பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள அர்ராஸ் நகரம் அவருடைய சொந்த ஊர் என்று கூறுவர். பிறப்பால் கத்தோலிக்கர். ஆயினும் பிழைப்புத் தேடி அவர் சேர்ந்ததோ டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனி. அது புராட்டஸ்டண்டு நாட்டின் கம்பெனி. மிளகும் ஏலமும் பட்டையும் வாங்கி விற்பது அதன் தொழில். வாங்குவதற்கு இணங்காத அரசர்களைப் பீரங்கியால் இணங்க வைப்பதும் அதன் தொழிலாகவே இருந்தது. இலங்கையிலும் கொச்சியிலும் அதற்குக் கோட்டைகள் இருந்தன. அந்தக் கம்பெனியின் ஆயிரக்கணக்கான ஆட்களில் ஒருவராகத்தான் டிலனாய் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

அவரைக் கடற்படைத் தளபதி என்றும் அட்மிரல் என்றும் நம் ஊரில் சொல்லும் வழக்கம் உண்டு. டச்சுக் கம்பெனியின் பழைய ஏடுகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்களோ, குளச்சலுக்கு வந்தபோது அவர் படைத்தலைவராக இருக்கவில்லை, தாழ்ந்த பதவியிலேயே இருந்தார் என்று கண்டிருக்கிறார்கள். இதனால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. மாறாக, அது பன்மடங்கு கூடுகிறது என்றே சொல்ல வேண்டும். பெயரும் பதவியும் அவரோடு கப்பலில் வந்தவை அல்ல. இந்த மண்ணிலே, தம் கைத்திறனாலும் நேர்மையாலும் அவர் ஈட்டியவை.

குளச்சல் போர்

அப்போது வேணாட்டை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா மகாராசா. 1729-இல் பட்டத்துக்கு வந்த அவர், சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டு வந்து, திருவிதாங்கூர் என்னும் வலிமையான அரசை உருவாக்கிக் கொண்டிருந்தார். மிளகு விளையும் நாடுகள் ஓர் அரசரின் கையில் சேர்வதை டச்சுக்காரர் விரும்பவில்லை. இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹோப் 1739-இல் மகாராசாவை நேரில் சந்தித்துப் பயமுறுத்தினார் என்றும், அப்படியானால் தாமும் தம் மீனவர்களின் வள்ளங்களில் ஏறி ஐரோப்பாவுக்கே படையெடுத்து வரக்கூடும் என்று மகாராசா பதில் சொன்னார் என்றும் கூறுவர்.

பேச்சு முறிந்து போர் மூண்டது. இலங்கையிலிருந்து வந்த டச்சுக் கப்பல்கள் குளச்சலில் படைகளை இறக்கின. கரையோர ஊர்கள் கொள்ளைக்கு ஆளாயின. கோட்டாறு வரையிலும் மக்கள் நடுங்கினர். அந்தப் படையிலே நம் டிலனாயும் ஒருவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் நாட்டுக்குப் பகைவராகவே அவர் முதன்முதலில் கால் வைத்தார்.

மகாராசா வடக்கே இருந்த தம் படைகளுடன் விரைந்து வந்தார். டச்சுக்காரர் குளச்சலில் தாங்கள் அமைத்திருந்த காப்பரணுக்குள் ஒடுங்கினர். நம் கடலோர மக்கள் மகாராசாவுக்குத் துணை நின்றனர் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் குளச்சல் கடல் எப்படி இருக்கும் என்று நம் மீனவச் சகோதரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவகத் தீவில் ஏற்பட்டிருந்த கலகத்தால் கம்பெனியிடமிருந்து வேண்டிய உதவிப் படையும் வரவில்லை. இறுதியில் காப்பரணுக்குள் இருந்த வெடிமருந்தில் நெருப்புப் பற்றி, அரிசிக் கிடங்கும் எரிந்து போயிற்று. உண்ண வழியில்லாமல் டச்சுப் படை 1741 ஆகஸ்டு மாதத்தில் சரணடைந்தது. ஆகஸ்டு 10 அந்த வெற்றியின் நாளாக நினைக்கப்படுகிறது. ஆசிய நாட்டு அரசர் ஒருவரிடம் ஐரோப்பியக் கம்பெனிப் படை அடைந்த பெரிய தோல்விகளில் இதுவும் ஒன்று. அதன் நினைவாக எழுப்பப்பட்ட வெற்றித்தூண் குளச்சலில் நிற்கிறது.

கைதி ஆசானானார்

சரணடைந்த ஐரோப்பியர் சிறைப்பிடிக்கப்பட்டனர். வென்ற அரசர் தோற்றவர்களைக் கொன்றிருக்கலாம். பணயமாக வைத்துப் பணம் கேட்டிருக்கலாம். மார்த்தாண்ட வர்மாவோ அவர்களிடம் இருந்த திறமையைப் பார்த்தார். டிலனாயும் அவருடைய தோழர் டோனாடியும் மகாராசாவின் பணியில் சேர்ந்தனர்.

முதலில் சிறிய பொறுப்பே டிலனாயிடம் கொடுக்கப்பட்டது. ஒரு சிறு படைப்பிரிவுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தர வேண்டும். வாளும் வேலும் வில்லும் ஏந்தி, தனித்தனி வீரமாகப் போரிட்டுப் பழகியவர்கள் நம் நாட்டுப் படைவீரர்கள். அவர்களை வரிசையாக நிறுத்தி, ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் துப்பாக்கியை நிரப்பவும் நீட்டவும் சுடவும் பழக்கினார். ஒரு வரிசை சுடும்போது மற்றொரு வரிசை மருந்து கெட்டிக்க வேண்டும். ஒருவன் தவறினால் வரிசை முழுவதும் தவறும். இந்த ஒழுங்கை அவர் பொறுமையோடு கற்பித்தார். மகாராசா மகிழ்ந்தார். பொறுப்பு வளர்ந்தது. கப்பித்தான் ஆனார். பின்னர் திருவிதாங்கூர்ப் படை முழுவதற்கும் தலைவராகி, வலிய கப்பித்தான் என்று பெயர் பெற்றார்.

அதன் பின்னர் நடந்த போர்களை எல்லாம் இங்கே விரித்துரைக்க இடமில்லை. 1746-இல் காயங்குளம் திருவிதாங்கூரோடு சேர்ந்தது. அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் ஆகியவையும் தொடர்ந்தன. 1753-இல் மாவேலிக்கரையில் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் டச்சுக்காரரே மகாராசாவின் வலிமையை ஏற்று, இனிச் சிற்றரசர்களுக்குத் துணை போவதில்லை என்று ஒப்புக்கொண்டனர். 1762-இல் கொச்சி அரசரின் நாட்டைப் பிடித்திருந்த சாமூதிரியின் படைகளும் விரட்டப்பட்டன. கன்னியாகுமரி முதல் கொச்சியின் எல்லை வரை ஒரே அரசு என்பது டிலனாயின் காலத்திலேயே நிலைபெற்றது.

1753-இல் டச்சுக்காரரோடு சமாதானம் ஏற்பட்ட பின்னும் அவர் இங்கேயே இருந்தார். இன்னும் 24 ஆண்டுகள் இந்த மண்ணிலேயே உழைத்து, இந்த மண்ணிலேயே கண்மூடினார்.

கல்லும் உலோகமும் அறிந்த கைவினைஞர்

போர்வீரர் டிலனாயைப் பலர் அறிவர். கைவினைஞர் டிலனாயைத்தான் நாம் அதிகம் நினைக்க வேண்டும். போரில் கிடைத்த வெற்றிகள் ஏடுகளில் இருக்கின்றன. அவர் கையின் வேலையோ இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

உதயகிரியில் முன்பே ஒரு மண்கோட்டை இருந்தது. அதனைக் கருங்கல்லால் திரும்பக் கட்டும் வேலை மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், குளச்சல் போரை அடுத்த ஆண்டுகளில், டிலனாயின் மேற்பார்வையில் நடந்தது. சுமார் 90 ஏக்கர் பரப்பு. நடுவே 260 அடி உயரமுள்ள குன்று. அதனைச் சுற்றிலும் சராசரி 18 அடி உயரமும் 15 அடி கனமும் உள்ள மதில். மூலைகளிலே பீரங்கி வைப்பதற்கான கொத்தளங்கள். பாறையை உடைத்தவர்களும், கல்லைக் கொத்திச் சதுரமாக்கியவர்களும், சுண்ணாம்பு அரைத்தவர்களும், சுமந்தவர்களும் நம் முன்னோர். அளவும் திட்டமும் சொன்னவர் டிலனாய். நம் நாட்டின் கல்தச்சும் ஐரோப்பாவின் கோட்டைக் கணக்கும் அந்த மதிலில் கைகோத்து நிற்கின்றன.

கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைக்கப்பட்டது. பீரங்கிகளும் குண்டுகளும் அங்கே செய்யப்பட்டன. பீரங்கி வார்ப்பது எளிய வேலையன்று. மண்ணால் கருப்பிடித்து, அது ஈரமறக் காய்ந்த பிறகே உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். கருவில் துளி ஈரம் இருந்தால் வார்ப்பில் குமிழ் விழும். குமிழ் விழுந்த பீரங்கி பகைவனைக் கொல்லாது, சுடுபவனையே கொல்லும். ஆகவே வார்ப்பவனுக்குத் திறமையோடு மனச்சாட்சியும் வேண்டும். அங்கே வைக்கப்பட்டிருந்த ஒரு பெரிய பீரங்கியைப் பற்றிப் பழைய நூல்களில் வியப்போடு எழுதியிருக்கிறார்கள். அது சுமார் 16 அடி நீளமாம். உட்புறம் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்குமாம். ஆயிரம் பேரும் 16 யானைகளும் சேர்ந்து இழுத்தும் அதனை அசைக்க முடியவில்லையாம்.

உதயகிரியோடு வேலை நிற்கவில்லை. பத்மநாபபுரம் கோட்டை வலுப்படுத்தப்பட்டது. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் திருத்திக் கட்டப்பட்டதே. பெயர்தான் வட்டக்கோட்டை, வடிவமோ நீண்ட சதுரம். ஏறக்குறைய மூன்றரை ஏக்கர் பரப்புள்ள அந்தக் கோட்டையின் மேல் நின்றால் ஒருபுறம் கடலும் மறுபுறம் மேற்கு மலையும் தெரியும்.

அவருடைய கடைசிப் பெருவேலை வடக்கே நெடுங்கோட்டை. மார்த்தாண்ட வர்மா 1758-இல் காலமானபின் பட்டத்துக்கு வந்த இராம வர்மா மகாராசா, தர்மராசா என்று மக்களால் அழைக்கப்பட்டவர். மைசூரிலிருந்து வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்த அவர் காலத்தில், கொடுங்கல்லூர்ப் பக்கத்துக் கடற்கழியிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை சுமார் 30 மைல் தூரத்துக்கு இந்த அரண் எழுந்தது. 16 அடி அகலமும் 20 அடி ஆழமும் கொண்ட அகழி, அதில் அடர்ந்த மூங்கில் வேலி, அதற்குப் பின்னால் மண்மதில், மேட்டு நிலங்களில் கொத்தளங்கள் என்று அது அமைந்தது. டிலனாய் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பர் மாதக் கடைசியில் திப்பு சுல்தானின் பெரும் படை அந்த அரணில் வந்து மோதி, இழப்போடு பின்வாங்கியது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் பீரங்கிகளைக் கொண்டு வந்து அதனை உடைத்தார் என்றாலும், கிடைத்த அந்த மாதங்கள் நாட்டுக்குப் பெரிய மூச்சாக அமைந்தன. செய்தவன் மறைந்த பின்னும் வேலை நின்று பேச வேண்டும் என்பார்கள். டிலனாயின் வேலை அவ்வாறே பேசியது.

இல்லறமும் ஆலயமும்

படைத்தலைவர் வீடு என்றால் ஆடம்பரமும் ஆரவாரமும் நம் நினைவுக்கு வரும். டிலனாயின் வீடு கோட்டைக்குள்ளேயே இருந்தது. மனைவியின் பெயர் மார்கரீத்தாள். மகன் பெயர் யோவான்னெஸ், அதாவது நம் வழக்கில் அருளப்பர். பிறந்த நாட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, சுற்றமும் சொந்தமும் இல்லாத இடத்தில், அந்தக் குடும்பம் வேரூன்றியது.

கோட்டைக்குள் ஓர் ஆலயமும் இருந்தது. இந்து சமய அரசரின் கோட்டையிலே, அவருடைய அனுமதியோடு, திருப்பலி நிறைவேறிய ஆலயம் அது. படையில் இருந்த ஐரோப்பியரும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் அங்கே கூடினர். டிலனாய் தம் விசுவாசத்தை மறைத்து வைக்கவில்லை. பதவிக்காக அதனை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

நண்பர் நீலகண்டன்

விசுவாசம் வீட்டுக்குள் அடைத்து வைக்கும் பொருளல்ல. டிலனாயின் வீட்டுத் திண்ணை தாண்டி அது வெளியே வந்த கதையை நம் பங்கு மக்களில் அறியாதவர் இல்லை.

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-இல் பிறந்த நீலகண்டன் அரண்மனை அலுவலர். செல்வாக்குள்ள குடும்பம். அவருக்கும் டிலனாய்க்கும் பழக்கம் ஏற்பட்டது. ஒரு காலகட்டத்தில் நீலகண்டனின் வீட்டில் ஆடுமாடுகள் செத்தன, பயிர் அழிந்தது, செல்வம் கரைந்தது. தெய்வங்கள் கைவிட்டனவோ என்று மனமுடைந்து நின்ற நண்பரிடம் டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். பிள்ளைகளையும் மந்தைகளையும் உடல்நலத்தையும் ஒருசேர இழந்தும் கடவுளை இழக்காத அந்த மனிதனின் கதை நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. துன்பம் தண்டனைதான் என்று எண்ணியவருக்கு, துன்பத்தின் நடுவிலும் நம்பிக்கை உண்டு என்னும் செய்தி புதிதாக இருந்தது.

தம் கோட்டையிலேயே ஞானஸ்நானம் தரச் செய்யாமல், நீலகண்டனை டிலனாய் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே இருந்த சேசு சபைக் குரு புத்தாரி சுவாமி, அவரை நன்கு சோதித்துப் பார்த்து, 1745 மே 14-இல் ஞானஸ்நானம் அளித்தார். லாசர் என்னும் பெயரே நம் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்றுத் தெரேசாள், அதாவது ஞானப்பூ அம்மாள் ஆனார்.

அதன் பின் நடந்ததை நாம் கண்ணீரோடு நினைக்கிறோம். 1749 பிப்ரவரி 23-இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமை மேல் பின்னோக்கி உட்கார வைக்கப்பட்டு ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார். அடிகள் விழுந்தன. புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் துன்பம் நீண்டது. தாகத்தால் வாடிய அவருக்குத் தண்ணீர் சுரந்த பாறை என்று நாம் வணங்கிப் போற்றும் முட்டிடிச்சான் பாறை, டிலனாயின் கோட்டை இருக்கும் அதே புலியூர்க்குறிச்சியில்தான் இருக்கிறது. 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அரசரின் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2-இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டதையும், 2022 மே 15-இல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியதையும் காணும் பேறு நமக்குக் கிடைத்தது.

ஆறாத கேள்வி

இந்த இடத்தில் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. விசுவாசத்தைச் சொல்லிக் கொடுத்த நண்பரோ படைத்தலைவர். அதைக் கேட்டு ஏற்றவரோ அந்த அரசின் துப்பாக்கிக்கு இரையானார். நண்பனைக் கொன்ற அரசருக்கு டிலனாய் அதன் பின்னும் எப்படி ஊழியம் செய்தார்? அவருடைய கையில் படை இருந்ததே? என்று கேட்கிறார்கள்.

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. சுட்டவர்கள் கையில் இருந்ததும் துப்பாக்கிதான். அந்நாட்டில் துப்பாக்கிப் படையை ஒழுங்குபடுத்தியவர் டிலனாய்தான். இந்த எண்ணம் அவரை உறங்கவிட்டிருக்குமா என்று குடும்பமும் நட்பும் உள்ள எவரும் நினைத்துப் பார்க்கலாம். பிற்காலத்தில் எழுதப்படும் வரலாறுகள் இத்தகைய முள்ளைப் பிடுங்கிவிட்டு மலரை மட்டும் காட்டிவிடுவது உண்டு. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை.

ஆயினும் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். உயிர்ப்பிச்சை தந்த அரசருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். படையைத் திருப்பி அரசருக்கு எதிராக நடத்தியிருந்தால் சிந்தியிருப்பது நம் நாட்டுச் சாதாரண மக்களின் இரத்தமே. அவரை நம்பிக் கோட்டையில் வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் நிலை என்னவாகியிருக்கும்? தேவசகாயமும் யாரும் தமக்காக வாளெடுக்க வேண்டும் என்று விரும்பியவர் அல்லர். டிலனாய் பணியை விடவில்லை. விசுவாசத்தையும் விடவில்லை. கோட்டையின் ஆலயத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அடுத்து வந்த தர்மராசாவின் காலத்தில் கிறிஸ்தவர்கள் பால் அரசு காட்டிய இரக்கத்துக்காகத் திருத்தந்தை 14-ஆம் கிளமெண்ட் 1774-இல் மகாராசாவுக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார் என்பது வரலாறு. காற்றாடிமலையில் துப்பாக்கி வெடித்து 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த மாற்றம் முழுவதும் டிலனாயால் வந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அரசருக்கு மிக அருகில், நாள்தோறும், நம்பிக்கைக்குரிய ஒரு கத்தோலிக்கர் இருந்தார் என்பதும் பொய்யன்று.

மகனையும் கொடுத்தார்

இழப்பு அதோடு முடியவில்லை. நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்ற காலத்தை ஒட்டியே டிலனாயின் மகன் யோவான்னெஸ் பிறந்திருக்க வேண்டும். கோட்டைக்குள் உலைச்சத்தமும் ஆலயமணிச் சத்தமும் கேட்டு வளர்ந்த பிள்ளை, தந்தையின் வழியே படையில் சேர்ந்தான்.

மலைக்குக் கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் களக்காடு வட்டாரம் யாருக்கு உரியது என்பது பற்றித் திருவிதாங்கூருக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் நெடுநாள் வழக்கு இருந்து வந்தது. அங்கே நடந்த சண்டையிலே 1765-இல் யோவான்னெஸ் உயிரிழந்தான். வயது இருபதளவே. கலியாணக் கனவுகள் காணும் வயது. மகனின் உடல் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டது.

அப்போது தந்தைக்கு ஐம்பது வயது. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியவர், இப்போது தம் வீட்டுப் பிள்ளையைக் குழியில் வைத்தார். ஒருகாலத்தில் யோபுவின் கதையை நண்பருக்குச் சொன்னவர் அவர். சொல்லுவது எளிது, சுமப்பது கடினம். பிறருக்குச் சொன்ன ஆறுதலைத் தாமே உண்டு வாழ வேண்டிய நாள் அவருக்கும் வந்தது. யோபுவைப் போலவே அவரும் எழுந்து நின்றார். மகனைப் புதைத்த அந்தக் கோட்டையிலேயே மேலும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். தம் மகனைக் காக்க இயலாத அந்தத் தந்தை, மற்றவர்களின் மக்களைக் காக்கும் அரண்களை வலுப்படுத்தும் பணியைத் தொடர்ந்தார்.

கல்லறை சொல்லும் கணக்கு

1777 சூன் முதல் நாள் எவுஸ்தாக்கியுஸ் டிலனாய் உதயகிரியில் ஆண்டவரில் துயில் கொண்டார். கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அவர் வாழ்ந்தது 62 ஆண்டுகளும் 5 மாதங்களும் என்றும், ஏறக்குறைய 37 ஆண்டுகள் அரசருக்கு மிகுந்த விசுவாசத்தோடு ஊழியம் செய்தார் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அரசருக்கு அடிப்படுத்தினார் என்றும் அது கூறுகிறது. வழிப்போக்கனை நின்று பார்க்கும்படியும் அது கேட்கிறது. இலத்தீன் ஐரோப்பாவின் ஆலய மொழி. தமிழோ அவர் உழைத்து உறங்கும் மண்ணின் மொழி. இரண்டும் ஒரே கல்லில் இருப்பது அவருடைய வாழ்க்கைக்கு மிகப் பொருத்தமே.

அவருக்குப் பின் கோட்டையில் திப்புவோடு நடந்த போரின் கைதிகள் அடைக்கப்பட்டார்கள். பின்னர் ஆங்கிலக் கம்பெனியின் படைகளும் சிலகாலம் தங்கின. படைகள் போன பின் காடு மூடியது. ஆலயத்தின் கூரை விழுந்தது. 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது உதயகிரியும் சேர்ந்தது. இப்போது கோட்டைக்குள் வனத்துறை உயிரினப் பூங்கா ஒன்றை வைத்திருக்கிறது. மான்களையும் மயில்களையும் காட்டப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார்கள்.

நமக்குரிய பாடம்

டிலனாய் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அல்லர். அவருக்குத் திருவிழாவும் இல்லை, தேரும் இல்லை. போரில் வாழ்ந்தவர் கைகளில் இரத்தக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் நம்மைப் போன்றவர். வயிற்றுப் பிழைப்புக்காக வெளிநாடு சென்றவர். நம் வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் கப்பல் வேலைக்கும் பட்டாளத்துக்கும் போயிருக்கிறார்கள்! போன இடத்தில் பிடிபட்டு, தோற்று, ஒன்றுமில்லாமல் நின்றபோது, தம் கைத்தொழிலையும் தம் வாக்கையும் தம் விசுவாசத்தையும் மட்டும் அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த மூன்றையும் கொண்டு ஒரு வாழ்வைக் கட்டினார்.

அவர் மதில்கள் பெரியவை. ஆயினும் அவர் செய்த மிகப்பெரிய வேலை எது என்று கேட்டால், மனமுடைந்து வந்த ஒரு நண்பனிடம் சிறிது நேரம் உட்கார்ந்து வேதாகமக் கதை ஒன்றைச் சொன்னதுதான் என்று தயங்காமல் கூறுவோம். 90 ஏக்கர் கோட்டையில் இப்போது மரங்கள் நிற்கின்றன. அந்தச் சிறிய உரையாடலிலிருந்து எழுந்த புனிதரோ உலகம் முழுவதும் வணங்கப்படுகிறார். அந்த உரையாடலுக்குக் குருப்பட்டமோ மேடையோ தேவைப்படவில்லை. வேலை செய்யும் இடத்தில், உடன் வேலை செய்பவரின் துன்பத்தைக் கவனிக்கும் மனம் மட்டுமே தேவைப்பட்டது. அது நம் ஒவ்வொருவருக்கும் இயலக்கூடியதே.

ஆண்டுதோறும் நவம்பர் 2-இல் நம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றி, நம் பெற்றோருக்காகவும் உற்றாருக்காகவும் செபிக்கிறோம். இந்த யூபிலி ஆண்டு முதல், அந்தச் செபத்திலே உதயகிரியில் உறங்கும் எவுஸ்தாக்கியுஸையும் மார்கரீத்தாளையும் யோவான்னெஸையும் சேர்த்துக்கொள்வோம். அங்கே மெழுகுதிரி ஏற்ற அவர்களுக்குச் சுற்றத்தார் இல்லை. இந்த மண்ணை நம்பி வந்து, இந்த மண்ணுக்கே தங்களைக் கொடுத்த அந்தக் குடும்பத்துக்கு இந்த மண்ணின் மக்களாகிய நாமே சுற்றத்தார். நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவர்களுக்கு அருள்வாராக.